பன்னிரண்டு அலறல்களுக்கான கூலி

அனுப்புநர்:
யெசெனியா கான்டூ,
குரல் நடிகர்,
அடுக்ககம் 214, பெக்கன் க்ரோவ் குடியிருப்பு,
இர்விங், டெக்சஸ்.

பெறுநர்:
மேல்முறையீட்டு அதிகாரி அவர்கள்,
மாநில ஊதியப் புகார் அலுவலகம்,
ஆஸ்டின், டெக்சஸ்.

பொருள்: ஜப்பானிய அனிமே தொடருக்கு ஆங்கிலக் குரல் கொடுத்ததில், அலறிய நாளுக்கு ஊதியம் மறுக்கப்பட்டது – தொலைபேசி விசாரணையில் என் குரலில் வேறொருவர் பேசிவிட்டதால் மனு தள்ளுபடியானது – மறுவிசாரணை கோருதல் – தொடர்பாக.

பார்வை: விசாரணை அலுவலர் திரு. பிராடி ஸ்னெல் அவர்களின் ஆணை, நாள் 23.10.2023.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

ஆணையின் அடியில் "ஐயம் இருந்தால் அழைக்கவும்" என்று தங்கள் அலுவலகத்தின் தொலைபேசி எண் அச்சிடப்பட்டுள்ளது. அழைக்க முடியாத நிலையில் இருப்பதால் எழுதுகிறேன். நவம்பர் முடியும்வரை நான் பேசக் கூடாது என்பது மருத்துவரின் உத்தரவு. கிசுகிசுப்பதும் கூடாது; அது பேசுவதைவிடக் கெடுதலாம். ஆனால் ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேச அனுமதி இருந்திருந்தாலும் எழுதித்தான் இருப்பேன். அதிகாரிகளிடம் பேச எனக்குக் கூச்சம்.

1. என் அப்பா வீடுகளுக்குக் கூரை போடுகிறவர். அம்மா டார்ட்டியா ரொட்டி தயாரிக்கும் ஆலையில் வேலை செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான். படித்தது நாடகம். இவ்வளவு கூச்சப்படுகிறவள் நாடகம் படிப்பானேன் என்று கல்லூரியிலேயே கேட்டார்கள். குரல் பதிவு அறையில் விளக்கைக் குறைத்துவிடுவார்கள். எதிரில் பார்வையாளர் கிடையாது. ஒரு மைக், ஒரு திரை, நான். எனக்குப் பொருத்தமான மேடை அது ஒன்றுதான் என்பதைக் கண்டுபிடிக்க நான்கு ஆண்டுப் படிப்பும், இன்னும் அடையாத ஒரு கல்விக் கடனும் தேவைப்பட்டன.

2. இர்விங்கில் உள்ள மெஸ்கீட் லேன்டர்ன் ஒலிப்பதிவுக்கூடத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். அதன் உரிமையாளரும் தயாரிப்பாளரும் இயக்குநரும் திரு. கர்ட் வெல்போர்ன் அவர்கள். காபி இயந்திரம் பழுதானால் அதைப் பிரித்துப் போடுகிறவரும் அவரே. நான் ஊழியரா, சுயதொழில் செய்பவரா என்ற கேள்வியை மேற்படி ஆணை எனக்குச் சாதகமாகவே முடித்துவைத்திருக்கிறது. பதிவுக்கு முன் நான் தின்ன வேண்டிய ஆப்பிள் பச்சையா சிவப்பா என்பதைக்கூட நிறுவனமே முடிவு செய்கிறது என்பதை அலுவலர் கவனத்தில் கொண்டிருக்கிறார். (பச்சைதான். வாய் உலர்ந்து சப்புக்கொட்டும் ஒலி மைக்கில் விழாமல் இருக்க.) இதற்காக அவருக்கு நன்றி.

3. வேலை நடக்கும் முறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பின்னால் நடந்த பிழை இதிலிருந்து வந்ததுதான். திரையில் படம் ஓடும். பாத்திரம் வாய் திறப்பதற்குச் சற்று முன் காதில் மூன்று பீப் ஒலிகள் வரும். நான்காவது ஒலி வராது. அது வந்திருக்க வேண்டிய நொடியில் நாம் பேசத் தொடங்க வேண்டும். அப்போதுதான் ஜப்பானியருக்காக வரைந்த வாயசைவில் ஆங்கிலம் உட்காரும். சில மாதம் பழகினால் போதும், பிறகு மூளையைக் கேட்காமலே வாய் திறக்கும். கடை வாசலில் லாரி பின்னோக்கி வரும்போது எழுப்பும் ஒலிக்குப் பதில் சொன்னவர்கள் எங்களில் உண்டு.

4. கூலி மணிக் கணக்கில். எவ்வளவு சீக்கிரம் முடித்தாலும் இரண்டு மணி நேரக் கூலி உறுதி. இதனால் வசனத்தை ஒரே முறையில் சரியாகச் சொல்பவர் இரண்டு மணிக் கூலியோடு வீட்டுக்குப் போவார். பதினைந்து முறை தடுமாறுகிறவர் மாலைவரை இருந்து மூன்று மடங்கு வாங்குவார். எங்கள் கூடத்தில் மிக மோசமாக வாசிக்கிற ஒருவர் சென்ற வசந்தத்தில் புதிய பிக்கப் வண்டி வாங்கினார். இது என் புகார் அல்ல. நிலவரம் தெரிய வேண்டும் என்பதற்காக மட்டும் எழுதினேன்.

5. என் புகார் சென்ற ஆகஸ்டில் முடிந்த ஒரு தொடரைப் பற்றியது. அதில் எனக்கு மிசுஹோ என்ற பாத்திரம். கடலோர ஊரில் தபால்தலை விற்கும் பெண். யாரையும் நிமிர்ந்து பார்க்க மாட்டாள். அலை ஏறும் நேரத்தில் அவள் கடல் நாகமாக மாறி அலறுவாள். அத்தியாயத்துக்கு ஒரு முறை என்று பன்னிரண்டு அலறல்கள். எழுத்துப் பிரதியில் அந்த இடங்களில் "அலறுகிறாள்" என்று மட்டுமே இருக்கும். பிரதி எழுதுகிறவருக்கு அது ஒரு சொல்.

6. அலறலைக் கடைசியில் வைப்பது எங்கள் தொழிலின் வழக்கம். அலறிய தொண்டையால் அன்றைக்கு வேறு எதுவும் பேச முடியாது என்பதால், வசனம் எல்லாம் முடிந்த பிறகு வேலை நேரத்தின் இறுதியில் அதை எடுப்பார்கள். திரு. வெல்போர்ன் இந்த வழக்கத்தை ஒரு படி மேலே கொண்டுபோனார். "ஒவ்வொரு தடவையும் மைக்கைத் தள்ளி வெச்சு, சத்த அளவ மாத்தி, பாதி நேரம் அதுலயே போவுது கண்ணு. பன்னண்டையும் சேத்து ஒரே நாள்ல அடிச்சுரலாம். உனக்கும் அலைச்சல் மிச்சம்" என்றார். அவர் என்னை எப்போதும் கண்ணு என்றே அழைப்பார். அன்பான மனிதர். இந்த மனுவில் அவரைப் பற்றி நான் எழுதுவது எதுவும் அதை மறுப்பதற்காக அல்ல.

7. அந்த நாள் ஆகஸ்ட் 18, வெள்ளிக்கிழமை. வெளியே டெக்சஸின் ஆகஸ்ட். உள்ளே குளிர்சாதனத்தை அணைத்திருந்தார்கள், அதன் சத்தம் பதிவில் விழும் என்பதால். என் வயிறு இரைவது கேட்காமல் இருக்க ஒரு தலையணையை அணைத்துக்கொண்டு நின்றேன். தொடருக்கு உரிமையான டோக்கியோ நிறுவனத்தின் பிரதிநிதி திரு. ஹிரானுமா அவர்கள் காணொளியில் இருந்தார். அவருக்கு அது நள்ளிரவு. ஆயினும் மிகுந்த மரியாதையோடு இருந்தார். ஒவ்வொரு அலறலுக்குப் பின்னும் தலை வணங்கினார். பிறகு, "மிக நன்று. ஆனால் இந்த அலறலில் இவள் இன்னும் தபால் நிலையத்தை மறக்கவில்லை. மறந்துவிட்டால் நலம்" என்பார். மறந்து அலறினால், "இப்போது முழுவதும் மறந்துவிட்டாள். சற்றே நினைவிருக்கலாம்" என்பார். ஏழாவது அத்தியாயத்தின் அலறலுக்கு மட்டும் பதினோரு முறை ஆயிற்று. காலையில் தொடங்கி, மதிய உணவு போக எட்டு மணி நேரம் அலறினேன். முடிந்ததும் திரு. ஹிரானுமா எழுந்து நின்று வணங்கினார். நானும் வணங்கினேன். நன்றி சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். காற்று வந்தது.

8. அடுத்து வந்த ஊதியத்தில் அந்த எட்டு மணி நேரம் இல்லை. தவறுதலாக விட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, மிகவும் யோசித்து, மூன்று முறை திருத்தி, ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன். திரு. வெல்போர்ன் என்னை மதிய உணவுக்கு அழைத்துப் புகையில் வாட்டிய மாட்டிறைச்சி வாங்கித் தந்து விளக்கினார். பேசும் நிலையில் நான் இல்லாததால் முழுவதையும் கேட்டுக்கொண்டேன்.

அவர் சொன்னது இது: "ஒப்பந்தத்த நல்லாப் படி கண்ணு. 'ஆங்கில வசனத்துக்கு மணிக்கு இவ்வளவு'ன்னு இருக்கு. அலறல் என்ன ஆங்கிலமா? அதுல ஒரு எழுத்து இருக்கா? டோக்கியோவுல அலறினாலும் அதேதான், டாலஸ்ல அலறினாலும் அதேதான். மொழிபெயர்க்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல. மொழிபெயர்க்கறதுக்குத்தான் எனக்குப் பட்ஜெட்."

அப்படியானால் ஜப்பானிய நடிகையின் அலறலையே வைத்திருக்கலாமே என்று கைக்குட்டைத் தாளில் எழுதிக் காட்டினேன். "அது எப்படி? பேசறப்ப ஒருத்தி குரல், அலர்றப்ப வேறொருத்தி குரல்னா பாக்கறவங்க சும்மா விடுவாங்களா? கிழிச்சுருவாங்க" என்றார். இந்தப் பதிலை அவரே ஒருமுறை காதால் கேட்டிருந்தால் இந்த மனு தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

பிறகு செலவுக் கணக்கை இறைச்சியை வைத்தே விளக்கினார். கத்தியால் பாதியை ஒதுக்கி, "இது டோக்கியோவுக்கு உரிமத் தொகை" என்றார். அடுத்த துண்டு மொழிபெயர்ப்பாளருக்கு. அடுத்தது வாயசைவுக்கு ஏற்ப வசனம் எழுதுகிறவருக்கு. ஒலிப்பொறியாளர், ஒலிக்கலவை, கட்டட வாடகை, மின்சாரம் என்று வெட்டிக்கொண்டே போனார். கடைசியில் தட்டின் ஓரத்தில் கருகிய முனைத் துண்டுகள் இரண்டு கிடந்தன. "இதான் கண்ணு நடிகர்களுக்கு மிச்சம். என்னால என்ன பண்ண முடியும் சொல்லு" என்றார். உண்மையிலேயே அவர் கண் கலங்கியது. டெக்சஸில் பிறந்தவர்கள் யாவரும் ருசி மிகுந்த அந்தக் கருகிய முனைக்குத்தான் முதலில் கைநீட்டுவோம் என்பது தங்களுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். பேசி முடித்ததும் இரண்டையும் அவரே சாப்பிட்டுவிட்டார்.

9. தொண்டையில் இரு பக்கமும் சிறு முடிச்சுகள் விழுந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். மௌனமாக இருந்தால் பாதி ஆறும்; மீதிக்குக் குரல் பயிற்சியாளரிடம் போக வேண்டும்; அதையும் இந்த ஆண்டுக்குள் தொடங்க வேண்டும், தள்ளிப்போட்டால் பழைய குரல் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றார். என் காப்பீட்டில் குரல் பயிற்சி இல்லை. முதல் கட்டப் பயிற்சிக்கு ஆகும் தொகை, எட்டு மணி நேரத்துக்கு மணிக்கு 45 டாலர் வீதம் எனக்கு வர வேண்டிய 360 டாலரோடு ஏறத்தாழச் சரியாக இருக்கிறது. நான் கேட்பது அதற்குமேல் ஒரு டாலரும் இல்லை. குரலைத் தவிர என்னிடம் விற்பதற்கு வேறு எதுவும் இல்லை என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

அம்மாவுக்கு இதை எழுதித்தான் விளக்கினேன். படித்துவிட்டு, "காலேஜு முடிச்சுட்டுக் கத்தப் போனியாடி? கத்தறதுக்கு எங்க ஆலையிலயே ஆள் எடுக்கறாங்களே, காப்பீடும் தர்றாங்க" என்றார். அப்பாவோ, "எட்டு மணி நேரம் வேல பாத்தியா இல்லயா? பாத்தேன்னா காசு குடுக்கணும். கூரை போடறப்ப சுத்தியல் சத்தம் எந்த மொழின்னு எவனாவது கேட்டானா?" என்றார். என் தரப்பு வாதத்தை இதைவிடச் சுருக்கமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

10. இனி விசாரணை நாளைப் பற்றி. அக்டோபர் 16 காலை பத்து மணிக்குத் தொலைபேசியில் விசாரணை என்று அறிவிப்பு வந்தது. பேச முடியாதவர்கள் தம் சார்பில் ஒருவரைப் பேச வைக்கலாம் என்று அதில் இருந்தது. உடன் நடிக்கும் தோழி சிடிம்மா எனெக்வேயைக் குறுஞ்செய்தியில் அழைத்தேன். மிசுஹோவின் தொடரில் ஆக்டோபஸ் மேயருக்குக் குரல் கொடுத்தவள் அவள்.

எங்கள் தொழிலின் இன்னொரு வழக்கத்தை இங்கே சொல்ல வேண்டும். ஒரு நடிகருக்குக் காய்ச்சல் என்றால், அவர் விட்ட இரண்டு வரியை இன்னொருவர் அதே குரலில் பேசிப் பொருத்திவிடுவார். இதை யாரும் ஆள்மாறாட்டம் என்று நினைப்பதில்லை. உதவி என்றே சொல்வோம். என் குரலைப் பொருத்துவதில் சிடிம்மாவை மிஞ்ச ஆள் இல்லை. என் அம்மாவே தொலைபேசியில் ஏமாந்திருக்கிறார்.

எங்கள் திட்டம் எளிமையானது. என் சமையலறை மேசையில் தொலைபேசி. நான் வெள்ளைப் பலகையில் பதில்களை எழுதுவேன். அவள் தன் பெயரைச் சொல்லி, தன் குரலில், அவற்றை வாசிப்பாள். பலகையின் தலைப்பில் "நான் சிடிம்மா எனெக்வே, யெசெனியாவின் சார்பில் பேசுகிறேன்" என்று முன்கூட்டியே எழுதியும் வைத்திருந்தேன்.

தங்கள் அலுவலகத்தின் தானியங்கிக் குரல், "மூன்று ஒலிகளுக்குப் பிறகு பெயரைச் சொல்லவும்" என்றது.

பீப். பீப். பீப்.

நான்காவது ஒலி வந்திருக்க வேண்டிய நொடியில், இம்மியும் பிசகாமல், சிடிம்மா சொன்னாள்: "யெசெனியா கான்டூ." என் குரலில். பெயர் சொல்லுமுன் நான் தயங்கி இழுக்கும் சின்ன மூச்சையும் சேர்த்து.

சொன்ன கையோடு வாயைப் பொத்திக்கொண்டாள். "அவரிடம் உண்மையைச் சொல்" என்று எழுதிப் பலகையைத் தூக்கிப் பிடித்தேன். அதற்குள் திரு. ஸ்னெல் இணைந்து வணக்கம் சொல்லிவிட்டார். அடுத்து திரு. வெல்போர்னின் குரல் வந்தது: "யெசி! குரல் வந்துருச்சா கண்ணு! அய்யோ, எவ்ளோ சந்தோசமா இருக்கு தெரியுமா!" அதில் பொய்யில்லை, அவர் உண்மையிலேயே மகிழ்ந்தார். சிடிம்மா ஒலியை அடைத்துவிட்டு என்னிடம், "இப்ப எப்படிடி மாத்தறது? நடுவுல குரல் மாறினா பொருந்தாதே!" என்றாள். தொழில்முறையில் அவள் சொன்னது சரி. சட்டப்படி அது எவ்வளவு பெரிய தவறு என்பது எங்கள் இருவருக்கும் பிறகுதான் உறைத்தது. அடுத்த நாற்பது நிமிடம் அவள் சொன்னவை அனைத்தும் நான் பலகையில் எழுதிக் காட்டிய உண்மைகள். சொன்ன ஆள் மட்டுமே மாறிவிட்டது.

11. விசாரணையின் நடுவில் திரு. வெல்போர்ன், "ஐயா, அலர்றது யாருக்கும் வரும். கரப்பான் பூச்சியப் பாத்தா என் பொண்ணு அலர்றா. அவளுக்கு நான் மணிக் கணக்குல சம்பளமா குடுக்கறேன்?" என்றார். திரு. ஸ்னெல் அவர்கள் நியாயமான மனிதர் என்பதால், "அந்த அலறல் எப்படித்தாங்க இருக்கும்? பதிவுக்காக ஒரு தடவ கேக்கலாமா?" என்றார்.

"வேண்டாம்" என்று எழுதி அடியில் மூன்று கோடு போட்டேன். நிமிர்ந்து பார்த்தபோது சிடிம்மா சோபாவிலிருந்து தலையணையை எடுத்து வயிற்றில் வைத்திருந்தாள்.

ஏழாவது அத்தியாயத்தின் அலறல். கீழ்வீட்டு நாய் குரைத்தது. மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து கதவைத் தட்டினார். நான் திறந்து, எல்லாம் நலம் என்று கையால் காட்டினேன். பிறகு திரு. ஸ்னெல், "சரிங்கம்மா... சரி. போதும்" என்றார்.

அப்போது திரு. வெல்போர்ன் பேசினார். அவர் சொன்னது விசாரணைப் பதிவில் இருக்கிறது, நான் கேட்டபடி எழுதுகிறேன்: "நல்லாருக்கு கண்ணு, நல்லாருக்கு. ஆனா கடைசியில கோவம் தூக்கிருச்சு. அன்னிக்கு வந்த அந்தச் சோகம் இதுல இல்ல. மூச்ச எடுத்துக்க, இன்னொண்ணு போலாம்."

சிடிம்மா இன்னொன்று கொடுத்தாள்.

"இதான்! இதே! இத வெச்சுக்கலாம்!" என்றார் திரு. வெல்போர்ன்.

12. ஒரு வாரம் கழித்து வந்த ஆணையில், "மனுதாரரின் குரல் தெளிவாகவும், விசாரணையின் தேவைக்கு மிக அதிகமான வலுவோடும் இருந்தது, அலுவலரின் காதொலிக்கருவியின் இடப்பக்கம் இப்போது இயங்கவில்லை, எனவே எட்டு மணி நேரம் அலறிக் குரலை இழந்ததாக அவர் கூறுவதை நம்ப இயலாது, அதில் நம்ப இயலாதவரை எட்டு மணி நேரம் என்பதிலும் நம்ப இயலாது" என்று காணப்படுகிறது. அவர் கேட்டதை வைத்துப் பார்த்தால் நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன். ஆணை வந்த அன்றே சிடிம்மா தன் தவறை முழுவதும் எழுதி, கையொப்பமிட்டு, அந்தக் காதொலிக்கருவியின் விலையையும் தருவதாகச் சொல்லித் தங்களுக்குத் தனியே அனுப்பியிருக்கிறாள். குரல்வளையின் படங்களோடு மருத்துவரின் சான்றையும் இத்துடன் இணைத்திருக்கிறேன். படங்கள் பார்க்க அழகாக இல்லை, பொறுத்தருள்க.

13. விசாரணையில் இரண்டு பேர் தொழில் பழக்கத்துக்கு அடிமையானார்கள் என்பது என் பணிவான வாதம். சிடிம்மா பழக்கத்தால் என் குரலில் பேசிவிட்டாள். அது தவறு; அதன் பலனை நான் ஏற்கிறேன். திரு. வெல்போர்னோ பழக்கத்தால் உண்மையைப் பேசிவிட்டார். அலறல் யாருக்கும் வரும் என்று சொன்ன அதே மூச்சில், ஓர் அலறல் சரியில்லை என்றும், எதனால் சரியில்லை என்றும், இன்னொன்று வேண்டும் என்றும், அடுத்ததுதான் சரி என்றும் சொன்னார். தன் மகள் கரப்பான் பூச்சியைப் பார்த்து அலறும்போது அவர் இன்னொரு முறை கேட்டிருக்க மாட்டார். சரி தவறு உள்ள ஒன்றை, மேற்பார்வை செய்து, திருத்தித் திருத்தி வாங்கிக்கொண்டால் அதற்கு வேலை என்றுதானே பெயர்?

14. ஆகவே தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்வது:

மேற்படி ஆணையை நீக்கி, இம்முறை நேரடி விசாரணைக்கு உத்தரவிட வேண்டும். ஆஸ்டினுக்குப் பேருந்தில் வந்துவிடுவேன். என் பதில்களை நான் எழுதித் தர அனுமதிக்க வேண்டும். சிடிம்மா உடன் வந்து, தன் பெயரில், தன் குரலில், நடந்ததைச் சொல்வதாக உறுதி கூறியிருக்கிறாள். அறையில் பீப் ஒலி எழுப்பும் கருவி ஏதும் இருந்தால் அதை மட்டும் அணைத்துவைக்கக் கோருகிறாள்.

விசாரணையில் மீண்டும் ஓர் அலறல் தேவைப்படுமானால், என்னைக் கேட்க வேண்டாம் என்று மருத்துவரும், சிடிம்மாவைக் கேட்க வேண்டாம் என்று நானும் வேண்டுகிறோம். அலறுவது யாருக்கும் வரும் என்பது திரு. வெல்போர்னின் வாக்குமூலம். எனவே அவரையே அலறச் சொல்லலாம். பன்னிரண்டும் வேண்டாம்; ஏழாவது மட்டும் போதும். குளிர்சாதனத்தை அணைத்து, தலையணையைக் கையில் கொடுத்து, பதினோரு முறை. ஒவ்வொன்றுக்குப் பின்னும் நான் தலை வணங்கி, "மிக நன்று, சற்றே சோகம் கூடட்டும்" என்று எழுதிக் காட்டுவேன்.

முடித்த பிறகு அவருக்குக் குரல் இருந்தால், இது வேலையா இல்லையா என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் பதிலுக்கு நான் கட்டுப்படுகிறேன். குரல் இல்லாவிட்டால் என் வெள்ளைப் பலகையைத் தருகிறேன்.

தங்கள் ஆணையை எதிர்நோக்கி,
இப்போதைக்கு மௌனமாக,

(கையொப்பம்)
யெசெனியா கான்டூ

இடம்: இர்விங், டெக்சஸ்
நாள்: 03.11.2023

இணைப்பு: மருத்துவரின் சான்றும் குரல்வளைப் படங்களும்.